நெத்துக்கு விட்ட பீன்ஸ்

பெரியம்மா முந்தானையில் எதையாவது கட்டிக்கொண்டு லயத்து வாசலில் நடந்து வந்தால், பார்த்தவர்கள் மெதுவாக வீட்டுக்குள் நுழைந்துகொள்வார்கள். பயமோ சண்டையோ ஒன்றும் இல்லை. முந்தானையில் இருப்பது பீன்ஸ். அதை வேகவைக்க வேண்டியிருக்குமே என்ற அலுப்புதான்.

"மதினி, இத வேகவெக்கிறதுக்குள்ள ஒரு கட்டு வெறகு தீந்துபோகுது," என்பாள் மூன்றாம் வீட்டு ராசாத்தி. "எங்க வீட்டு ஆளு கேக்குறாரு, கொழம்புல எதுக்குடி செருப்ப அறுத்துப் போட்டேன்னு."

பெரியம்மா சிரிக்க மாட்டார். "நல்லா வேகும். பொறுமையா வேகவெய்யி," என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கைப்பிடி கூடவே போட்டுவிட்டுப் போவார்.

மூணார் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தேயிலை எஸ்டேட். நான் அங்கே ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஊர் வேலந்தாவளம் பக்கம். அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்வதில் கெட்டிக்காரர், ஆனால் பத்திரத்தில் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். தமிழும் மலையாளமும் எழுத வரும் என்பதால் வேலை கிடைத்தது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இடமில்லை என்று தொழிலாளிகளின் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் எட்டு வீடுகளில் கடைசி வீட்டைத் திறந்துவிட்டார்கள். அதற்கு அடுத்தது பெரியம்மாவின் வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் ஈர விறகு புகைந்தால் இந்தப் பக்கம் எனக்குக் கண் எரியும்.

முதல் நாள் நான் அவரிடம் கேட்டது, "ஏனுங்க, தண்ணி எங்கீங்க புடிக்கோணும்?"

சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாளித் தண்ணிக்கு இம்புட்டு மரியாதையா! அங்கிட்டு ஓடையில கெடக்கு, யார் வேணாலும் மோந்துக்கலாம்," என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பெரியம்மா என்றேன். அவர் என்னைக் கிளாக்கர் தம்பி என்றார்.

அவர் கணவர் மரம் விழுந்து இறந்து பல காலம். பிள்ளை இல்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில், எஸ்டேட் எல்லோருக்கும் விட்டிருக்கிற மாதிரி, அவருக்கும் ஒரு துண்டு நிலம். பீன்ஸ், முட்டைக்கோஸ், வேலியில் சௌசௌ, ஒரு பூசணிக் கொடி. எல்லார் கொல்லையிலும் இருப்பவைதான். ஆனால் அவர் கொல்லையில் எதையும் சமயத்தில் பறிக்க மாட்டார். சௌசௌவில் முளை விட்டுவிடும். பூசணிக் காம்பு காய்ந்து கட்டையாகிவிடும். முட்டைக்கோஸ் வெடித்து நடுவிலிருந்து தண்டு எழும்பி மஞ்சளாகப் பூக்கும் என்பதையே நான் அங்கேதான் பார்த்தேன். லயத்தில் பாதிப் பேரும் அதை முதலில் பார்த்தது அங்கேதான். "கோஸுக்கு மதினி கல்யாணம் பண்ணிப் பாக்குது," என்றாள் ராசாத்தி.

இத்தனைக்கும் தேயிலையில் அவரைப் போலக் கை சுத்தம் யாருக்கும் கிடையாது. இரண்டு இலை, ஒரு கொழுந்து. அவர் கூடையைக் கொட்டினால் ஒரு முத்தல் இலை இருக்காது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மேற்பார்வைக்கு நிற்கும் கண்டக்டர் மற்ற பெண்களைக் கூப்பிட்டு, "பாருங்க, இதுதான் பறிப்பு," என்று காட்டுவார். பெரியம்மா தலைச்சுமைத் துண்டை உதறிக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏனுங்க பெரியம்மா, பீன்ஸைப் பிஞ்சுல பறிச்சாத்தானுங்களே நல்லா இருக்கும்?"

"காலையில எட்டு மணிலேருந்து கொழுந்தத்தான தம்பி கிள்ளிட்டு வாரேன்," என்றார். "அது கண்ணு முழிக்கிறதுக்குள்ள கிள்ளிர்றோம். வீட்டுக்கு வந்தும் அதையே செய்யச் சொல்றியா? இதுகளாச்சும் முத்தட்டும்."

அந்தப் பேச்சை அவர் அத்தோடு விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் பீன்ஸைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் சித்திரை பிறந்ததும் விதைக்கு அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். மற்றவர்கள் பிஞ்சிலேயே பறித்துத் தின்றுவிடுவதால் யாரிடமும் விதை மிஞ்சாது. பெரியம்மாதான் பாதிக் கொடியை நெத்துக்கு விட்டு, காய் மஞ்சளாகி, சருகாகி, உள்ளே விதை கடகடவென்று ஆடும்வரை காத்திருப்பார். உரித்துச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி. "போன வருசம் குடுத்ததையும் தின்னே தீத்தியா?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுப்பார்.

அந்த வருஷம் கோடை மழை சொல்லாமல் வந்தது. வழக்கமாகச் சித்திரையில் இரண்டு மழை பெய்துவிட்டு ஓய்ந்திருக்கும். ஜூனில் இடவப்பாதி என்கிற பருவமழைதான் மறுபடி பிடிக்கும். அந்த வருஷம் ஓயவே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மலை மறைந்தால், ஆபீஸில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். காகிதம் நமுத்துப்போய் மை ஊறும். முதலில் ஊன்றிய விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. பெரியம்மா ஒரு விதையைத் தோண்டி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். கூழாக இருந்தது. உள்ளே போய்க் குடுக்கையைக் கொண்டுவந்து கவிழ்த்து, மிச்சமிருந்த எல்லா விதையையும் ஊன்றினார். குடுக்கை காலி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவர் செய்ததை நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையிலிருந்து வருவார். படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு வைத்து உதிர்ப்பார். சில நாள் அட்டை எடுக்கிறபடியே தலை தொங்கிவிடும். தூங்கிவிட்டார் என்று தெரியும். திடுக்கிட்டு எழுந்து, இடுப்பில் கட்டிய படங்கு சாக்கைக்கூட அவிழ்க்காமல் கொல்லைக்குப் போவார். அன்றைய மழை மேல்மண்ணை அரித்துக் கீழே வடிகால் கானில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அந்த மண்ணை வழித்துக் கூடையில் அள்ளி, சரிவில் ஏறி, செடிகளின் தூரில் கொட்டுவார். பத்து நடை, பன்னிரண்டு நடை. மறுநாள் மழை அதையே மறுபடி கீழே கொண்டுபோகும். மறுநாளும் அவர் அதையே மேலே கொண்டுபோவார்.

"விடுங்க பெரியம்மா, எப்படியும் கரைஞ்சுதான் போகும்," என்றேன்.

"போகட்டும். தூரு மட்டும் வெளிய தெரியக் கூடாது," என்றார். மூச்சு வாங்கியது. "சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு அந்தக் கம்பப் புடி."

நான் கம்பைப் பிடித்துக்கொள்ள, கொடி ஏறுவதற்கு அவர் அதைக் கல்லால் அடித்து ஊன்றினார். அவர் விரல்களை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடிப்பு வெடிப்பாக, கிராண்டிஸ் தைலமரப் பட்டை மாதிரி இருந்தன.

எங்கள் ஆபீஸில் அப்போது பழைய பேர்ப் புத்தகங்களைப் புதுசாக எழுதச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரின் பெயரும் வயதும் அதில் இருக்கும். ஐம்பத்தெட்டு முடிந்தால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் இல்லாவிட்டால் லயத்தில் வீடும் இல்லை, கொல்லையும் இல்லை. பிள்ளைகள் இருந்தால் பேரை அவர்களுக்கு மாற்றிக்கொண்டு கூடவே இருந்துவிடலாம்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தப் பெருமையில் நான் இரண்டு மாதம் ராப்பகல் என்று சொல்லும்படி உழைத்தேன். பெரியம்மாவின் பேருக்கு நேரே வயது இருந்த இடம் ஈரத்தில் அழிந்திருந்தது. நான் விடவில்லை. அலமாரியின் அடியில் கிடந்த அதற்கும் முந்தைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூச்சி அரித்த அந்த எழுத்தைப் படித்துச் சரியாக எழுதினேன். அப்படி அழிந்துபோன பதினோரு பேரின் வயதை நான் கண்டுபிடித்தேன். பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் ஆகஸ்டோடு ஐம்பத்தெட்டு முடிகிறது என்று வந்தது.

பெரிய கிளார்க் கல்பாத்திக்காரர். துரை கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ எதுக்குடா அதைப் போய்க் கிளறினே? அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கப்படாதோ? வயசு தெரியாதவாளுக்குப் போடறதுக்குன்னு நான் ஒரு பொறந்த வருஷம் வச்சிண்டிருக்கேன், கேட்டியோ. அதைப் போட்டிருந்தா அவ பாட்டுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்திருப்பள்."

"சரியா இருக்கோணும்னுதானுங்க..."

"சரியாக்கும் பெரிசு!" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நோட்டீஸை நானேதான் கொண்டுபோனேன். கொல்லையில் பீன்ஸ் இரண்டு இலை விட்டு நின்றது. நத்தைக்காகச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன். எழுதினது நாந்தானுங்க என்றும் சொன்னேன்.

அவர் விரல் மடக்கி ஏதோ எண்ணினார். "ஆகஸ்டு கடைசியா?"

"ஆமாங்க."

"அப்ப நெத்து ஆயிரும். போதும்," என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்ததத்தான எழுதுன? அந்தக் கங்காணி எழுதுனதுக்கு நீ என்ன செய்வ?" என்றார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். சிறுபிள்ளைகளைச் சின்னாள் என்று எழுதினால் அரைச் சம்பளம். பெரியாள் என்றால் முழுசு. அவருடைய அப்பா இறந்த வருஷம், பத்து வயதுப் பெண்ணை அம்மா கங்காணியிடம் கூட்டிக்கொண்டு போனாள். போவதற்கு முன்னால் தன் சேலையை எடுத்துச் சுற்றிவிட்டாள். "எனக்கு அதக் கட்டிக்கிட்டு நடக்கத் தெரியல. மஸ்டர் போட்டு ஆள எண்ணுற எடத்துல தடுக்கி விழுந்தேன். கங்காணி சிரிச்சுக்கிட்டே, சரி பதினாறுன்னு எழுதிக்கிறேன்னான். ஒரே நாள்ல எனக்கு ஆறு வயசு கூடிப்போச்சு."

"அப்போ உங்களுக்கு இப்ப அம்பத்திரண்டுதானுங்களா?"

"தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல எங்கம்மா என்னைய வயித்துல வெச்சுக்கிட்டு மேட்டுக்கு ஏறுனாளாம். நீ படிச்சவன். நீயே கணக்குப் போட்டுக்க."

போட்டேன். அந்த வெள்ளம் மலையாள வருஷம் 1099-இல், அதாவது 1924-இல். ஐம்பத்திரண்டுதான். இது அநியாயம், ஒரு அபேட்சை எழுதினால் போதும், வெள்ளத்தையே சாட்சியாகக் காட்டலாம் என்று குதித்தேன்.

"வேண்டாம் தம்பி," என்றார். "ஒருவாட்டி கெளறுனது போதும். ஆகஸ்டு வரைக்கும் இருக்குல்ல? நெத்து எடுத்துருவேன். போடிக்குக் கீழ தம்பி மகன் இருக்கான். அங்கன போய் ஊனிக்கிறேன்."

நான் கேட்கவில்லை. மூன்று பக்கம் எழுதினேன், இங்கிலீஷில் ஒரு பிரதி, மலையாளத்தில் ஒரு பிரதி. அவரிடம் கைநாட்டு வாங்கும்போது, "இம்புட்டு எழுத்தா எனக்கு?" என்று காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. என்னைத் தடுக்கிற அளவுக்கு அவருக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

துரை அபேட்சையைப் படித்துவிட்டு, வெள்ளம் சாட்சி ஆகாது, எஸ்டேட் டாக்டர் பார்த்து வயது எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம். டாக்டர் படித்தவர், உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம். இடவப்பாதி பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல்காரர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். டாக்டரும் களைத்துப்போயிருந்தார். பெரியம்மாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "வாயைத் திற," என்றார். டார்ச் அடித்தார். உள்ளே ஏழெட்டுப் பல்தான் இருந்தது. தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது. அப்பா கட்டை விரலைக் கொடுத்து மாட்டின் வாயைப் பிளப்பதும், மாடு கண்ணை வெளியே பிதுக்கிக்கொண்டு நிற்பதும். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் கூடைக்கயிறு அழுத்திய இடத்தைப் பார்த்தார். "இந்தக் கையைப் பார்த்து ஐம்பத்திரண்டுன்னு நான் எப்படி எழுதுவேன்?" என்று என்னிடம் கேட்டார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார். எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

வழியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "என்ன எழுதியிருக்காரு?" என்றார் பெரியம்மா.

ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது. ஆனால் டாக்டர் எழுதும்போதே நான் படித்திருந்தேன். "அறுபதுக்குக் குறையாதுன்னுங்க."

கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் கையை நீட்டிக் கழுவிக்கொண்டார். "அந்தக் கங்காணி ஆறுதான் கூட்டுனான்," என்றார். "இவரு எட்டு."

தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே கேலி அதுதான்.

அந்தக் காகிதத்தால் வந்தது இவ்வளவுதான்: வயது ஏற்கெனவே தாண்டிவிட்டது, ஆகஸ்டு வரை வைத்திருக்க வழியில்லை, ஜூனோடு பேர் வெட்டு, ஜூலை முதல் வாரம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்திருக்கும். பெரிய கிளார்க் நோட்டீஸை டைப் அடிக்க என்னிடம் கொடுக்கவில்லை. தானே அடித்தார். அது அவர் எனக்குச் செய்த உபகாரம்.

வீடு ராசாத்தியின் மகனுக்கு என்று எழுதினார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவன், அப்பா அம்மாவோடு ஒரே அறையில் இருந்தான். ராசாத்தி இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து கொல்லை ஓரத்தில் நின்றாள். கொடிகள் கம்பு உச்சிவரை ஏறி, காய் பிடித்து, விரல் நீளத்துக்குத் தொங்கின. வழித்து வழித்துப் போட்ட மண் தூரில் குவிந்திருந்தது.

"மதினி, ஒரு காய் நான் தொட மாட்டேன். நெத்தாகட்டும். உரிச்சு எடுத்து, எம்மவன் கீழ வரும்போது குடுத்துவிடுதேன். சத்தியமா," என்றாள்.

"நீ என்னைக்குடி பொறுத்திருக்க?" என்றார் பெரியம்மா. அதில் சூடு இல்லை. "உன் மருமக கொழம்புக்கு ரெண்டு கேப்பா. நீ வேண்டாம்பியா? முத்துறவரைக்கும் பாத்துக்கிட்டே கெடக்குறதுக்கு ஒரு தெம்பு வேணும் ராசாத்தி. எனக்கு ஓஞ்சுபோச்சு."

உள்ளே போனார். கொழுந்துக் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். பேர் வெட்டியதும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய கூடை.

அவர் தேயிலை பறிப்பதை நான் அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். இரண்டு கையும் கொடியில் பாய்ந்தன. கண் காயைப் பார்க்கவில்லை. கை தானாகத் தேடி, கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசியது. ஒரு கொடிக்கு அரை நிமிஷம். பூவோடு இருந்த ஊசிப் பிஞ்சுகளைக்கூட விடவில்லை. மழை தூறியது. சித்திரையிலிருந்து மண் சுமந்த கொல்லை கால் மணி நேரத்தில் வெறும் இலையாக நின்றது.

பிறகு வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். அன்று யாரும் உள்ளே நுழைந்துகொள்ளவில்லை. வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்து, "வரட்டுமா கிளாக்கர் தம்பி," என்றார். ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. காலிக் குடுக்கையை அடுப்புக்கு மேலேயே விட்டுவிட்டு மூணார் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். எழுதத் தெரிந்தவனிடம் அவர் விலாசம் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் பீன்ஸை நறுக்கி அடுப்பில் வைத்தேன். பெரியம்மா பீன்ஸ் வேக நேரமாகும். தட்டைப் போட்டு மூடி, விறகை நன்றாகத் தள்ளிவிட்டு, துணியை மடித்தேன், வாளி எடுத்துப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன், வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் புகை இல்லாததால் கண் எரியவில்லை.

ராசாத்தி கையில் சட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். "கிளாக்கரே, இங்க பாருங்க. பிஞ்சுங்கறத மறந்து வழக்கம்போல வெச்சுத் தொலைச்சுட்டேன். கூழாப் போச்சு," என்றாள். சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். "எல்லா வீட்டுலயும் இப்பிடித்தானாம்."

நான் எழுந்து என் தட்டைத் திறந்தேன். ஒரு காய்கூடக் காயாக இல்லை. பச்சையாக ஒரு குழம்பு, அவ்வளவுதான். அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். மெல்லுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.